சளியோடு ஏறிய விமானம்

எங்கள் லைனில் ஒருத்திக்குச் சளி பிடித்தால் அந்த வாரம் முடிவதற்குள் எல்லோருக்கும் வந்துவிடும். செல்போன் தயாரிக்கும் கம்பெனி. தூசி வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காத கூடம், நாள் முழுக்க ஓடும் ஏசி, தோள் இடிக்கும் நெருக்கத்தில் உட்காரும் வரிசை. ஒருத்தி தும்மினால் மற்றவர்கள் முகக்கவசத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். சளிக்கெல்லாம் லீவு கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்த மழைக்காலத்தில் சளி முதலில் என் அறைத்தோழிக்கு வந்தது. அவளிடமிருந்து எனக்கு. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். அவள் ராமநாதபுரம் பக்கம், நான் தூத்துக்குடி. ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் ஒரே லைனில் உட்கார்ந்து ஒரே பஸ்ஸில் திரும்புவோம். சளி மட்டும் தனித்தனியாகவா இருக்கும்?

என் வேலை ஆடியோ டெஸ்ட். மெஷின் ஒரு போனைச் சரி என்று சொன்ன பிறகும், ஸ்பீக்கரில் கரகரப்பு இருக்கிறதா என்று ஒரு ஆள் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆள் நான். எனக்குக் காது நல்ல கூர்மை என்று சூப்பர்வைசர் சொல்வார். சந்தேகம் உள்ள போன்களை என் மேசைக்குத்தான் அனுப்புவார். சளி பிடித்த அந்தச் சில நாட்களில் காது லேசாக மந்தமாக இருந்தது. எச்சில் விழுங்கினால் கிளிக்கென்று திறந்துகொள்ளும். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்தபோது போனில் அண்ணனின் மிஸ்டு கால்கள் வரிசையாக இருந்தன. அண்ணன் சாதாரணமாக எனக்குப் போன் செய்பவன் இல்லை. லாரி ஓட்டுகிறான். அம்மாவிடம் பேசும்போது பக்கத்தில் இருந்தால் இரண்டு வார்த்தை கேட்பான், அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். வெயிலிலும் உப்பிலும் நின்று நின்று அவருடைய கிட்னி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்துகொண்டு ஓடிக்கொண்டிருந்த உடம்பு. அன்று காலையில் மூச்சு முட்டி விழுந்துவிட்டார்.

"டாக்டரு சாயந்தரம் வரைக்கும்கூடச் சொல்ல முடியாதுங்காரு," என்றான் அண்ணன். "கண்ணு முழிச்சா உன்னயத்தான் கேக்காரு. பஸ்ஸுல வந்தா விடிஞ்சிரும். எப்படியாச்சும் வா பிள்ள."

நான் போனைப் பிடித்துக்கொண்டு லாக்கர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தோழிதான் எல்லாம் செய்தாள். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் தூத்துக்குடிக்கு ஒரு விமானம் இருக்கிறது என்று அவள் தன் போனிலேயே கண்டுபிடித்து டிக்கெட் போட்டாள். விமான நிலையத்துக்கு ஒரு காரையும் பிடித்தாள். அதுவரை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் விமானத்தில் ஏறியதில்லை.

துணி எடுக்க அறைக்குப் போனேன். வீட்டுக்கார அக்கா விஷயம் கேட்டதும் உள்ளே போய் ஒரு டப்பாவில் இட்லியும் கையளவு பஞ்சும் எடுத்து வந்தார்.

"ஏரோப்ளேன்ல போனா காது அடைச்சிக்குமாம். பஞ்சு வச்சிக்கோமா," என்றார். "இன்னா ஆனாலும் வயித்த காயப் போடாத. அழுதுகினே போவாத, அங்க போயி உங்க அம்மாவ நீதான் பாக்கணும்."

கார் ஒரகடம் தாண்டி, படப்பை கடைத்தெரு நெரிசலில் மாட்டி, தாம்பரம் வழியாகப் போனது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே போனேன். அழுகையா சளியா என்று எனக்கே தெரியவில்லை. விமான நிலையத்தில் வரிசைகளில் நின்றதெல்லாம் இப்போது நினைவில் இல்லை. இருக்கையில் உட்கார்ந்ததும் அக்கா சொன்னபடி இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

இறக்கையில் விசிறி போட்ட சின்ன விமானம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. காது லேசாக அடைத்தது, திறந்தது, அவ்வளவுதான். இதற்குத்தானா இவ்வளவு சொன்னார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு, தூங்கிவிட்டேன். தூங்கியிருக்கக் கூடாது என்று பின்னால் டாக்டர் சொன்னார். விழித்திருக்கும்போது நாம் எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், தூக்கத்தில் அது குறைந்துவிடுகிறது.

வலி வந்துதான் எழுந்தேன். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. வலது காதுக்குள் யாரோ பென்சிலை வைத்து மெதுவாக, நிதானமாக அழுத்துவதுபோல இருந்தது. எச்சில் விழுங்கினேன். வழக்கமாக வரும் அந்தக் கிளிக் வரவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். பயனில்லை. வலி காதோடு நிற்காமல் தாடைக்கும் பல்லுக்கும் நெற்றிக்கும் ஓடியது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காதைக் காட்டினேன். மிட்டாய் ஒன்று கொடுத்து, சப்பி விழுங்கச் சொல்லி, கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து காட்டிவிட்டு, இறங்கப்போகிறோம் என்று தன் இருக்கைக்குப் போய் பெல்ட் போட்டுக்கொண்டாள். மிட்டாயைக் கடித்து நொறுக்கி விழுங்கினேன். வாயை அகலத் திறந்து திறந்து மூடினேன். எதிர் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அது ஏன் அழுகிறது என்று அந்த விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். என் கண்ணில் நீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிப் பலமாக ஊதினால் திறந்துவிடும் என்றார். அவர் செய்தும் காட்டினார். நான் ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாக, தலை நரம்பெல்லாம் புடைக்க ஊதினேன். வலது காதுக்குள் ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். சூடாக ஏதோ பரவியது. வலி ஒரு நொடி உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று குறைந்தது. அதோடு விமானத்தின் இரைச்சலும் குறைந்துபோனது.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் கடலோரமாக உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தன. அவற்றில் எதிலோதான் அப்பா வாழ்நாள் முழுவதும் நின்றார். அதைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரை எப்போது வரும் என்று மட்டும் இருந்தேன்.

அண்ணன் வெளியே பைக்கோடு நின்றான். ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவதுபோல ஒரு முனகல் மட்டும் வந்தது. என்ன என்று கேட்டேன். அவன் எரிச்சலோடு வண்டியைக் காட்டினான். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவன் தலையைத் திருப்பித் திருப்பி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். காற்றும் அடைத்த காதும் சேர்ந்து ஒரு சொல்கூட என்னிடம் வரவில்லை. அப்பா இருக்கிறாரா என்று மட்டும் அவன் தோளைத் தட்டிக் கேட்டேன். தலையை ஆட்டினான்.

இருந்தார். நீளமான வார்டு. கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. அப்பாவின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஒருவர்தான் கட்டிலருகே இருக்கலாம் என்று கையால் காட்டி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனாள். அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே போனான். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்களில் உப்பு அரித்த பிளவுகள், எப்போதும் இருப்பவைதான்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. மாஸ்க்கைத் தானே கீழே இழுத்தார். பேசினார்.

உதடு அசைவதைப் பார்த்தேன். நீளமான பேச்சு. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. போனில்கூட "சாப்ட்டியா, சரி, அம்மாட்ட குடுக்கேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்து என்னிடம் பேசி நான் கண்டதில்லை. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என் தலைக்குள் ஓடும் இரைச்சல்தான் கேட்டது.

"எப்பா, காது அடைச்சிருக்கு. கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றேன். என் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வார்டில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் புரிந்துகொண்டு மறுபடி சொன்னார். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் இடது காதை அவர் வாயோடு ஒட்டிவைத்தேன். மூச்சின் சூடு பட்டது. சத்தம் வரவில்லை. நிமிர்ந்து உதட்டைப் பார்த்துப் படிக்கப் பார்த்தேன். மீசை மறைத்த அந்த உதட்டில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மூன்றாவது முறையும் சொன்னார். இந்த முறை குறைவான சொற்கள். பாதியில் இருமல் வந்துவிட்டது.

நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கை மாட்டினார். என்னைப் பார்த்து ஏதோ அதட்டினார். அம்மாவும் வந்துவிட்டாள். அவரைப் பேச விடாதே, மூச்சு வாங்குகிறதே தெரியவில்லையா என்று திட்டினாளாம். எனக்கு அவள் கை வீசுவது மட்டும் தெரிந்தது. அப்பா என் விரலை ஒரு முறை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் தெளிவாக விழிக்கவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதது எனக்கு அடுத்த தெருவில் நடப்பதுபோலத்தான் கேட்டது. பறை வந்தது. நெஞ்சில்தான் அதிர்ந்தது, காதில் இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் தலையை ஆட்டினேன். அப்பா போன அதிர்ச்சியில் பிள்ளை பேயடித்ததுபோல ஆகிவிட்டாள் என்று உறவினர்கள் நினைத்தார்கள். வலது காதிலிருந்து ரத்தம் கலந்த நீர் தலையணையில் பட்டிருந்ததை அம்மா மட்டும் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு அப்போது அதைப் பற்றிக் கேட்கத் தெம்பில்லை.

காரியம் முடிந்த அன்று மாலை அண்ணன் என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டான். என் இடது காது கொஞ்சம் திறந்திருந்தது. பக்கத்தில் நின்று பேசினால் புரியும்.

"அப்பா உன்ட்ட என்ன சொன்னாரு?" என்றான்.

"கேக்கலண்ணே. காது அடைச்சிருந்துச்சு."

"மருந்து வாங்கிட்டு வந்து கதவுப் பக்கம் நின்னு நான் பாத்தேன். மூணு வாட்டி சொன்னாரு. ஒரு வார்த்தகூடவா கேக்கல?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் நம்பவில்லை. அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோய் இரண்டு வருஷம் இருக்கும். அப்பாவின் முதலாளியிடம் ஒரு சண்டையில் இவன் கையை ஓங்கிவிட்டான். அதனால் அப்பாவுக்கு அந்த உப்பளத்தில் வேலை போயிற்று. வயதான காலத்தில் வேறு அளம் தேடி அலைந்தார். திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அண்ணன்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவன்தான். அவனிடம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"என்னயப் பத்தித்தான் சொல்லியிருப்பாரு. அத மறைக்கே," என்றான்.

அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிவிடேன் என்று அம்மா என்னிடம் தனியாகக் கெஞ்சினாள். அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று சொன்னால் போதும், அவன் மனசு ஆறிவிடும் என்றாள். முதலிலேயே கேட்கவில்லை என்று சொன்ன பிறகு எதைச் சொன்னாலும் அவன் நம்பமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட, அப்பா சொல்லாத ஒன்றை அப்பா சொன்னதாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கணவனுக்குத் துணையாக ஒரு அம்மா இருந்தது நினைவுக்கு வந்தது. காரியத்துக்கு முன்பு, அங்கே விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போன அன்று நான் அவரிடம் கேட்டிருந்தேன். எங்க அப்பா பேசினது உங்களுக்குக் கேட்டதா என்று. அவர் யோசித்துவிட்டு என் இடது காதருகே குனிந்தார்.

"தண்ணின்னு சொன்னாவளா, தம்பின்னு சொன்னாவளான்னு தெரியலம்மா. நான் எங்க வீட்டாளப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

அப்பா அண்ணனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இதை அண்ணனிடம் சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பின்னு சொன்னாரா?"

"அந்தம்மாவுக்கு நிச்சயமாத் தெரியலண்ணே."

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்தம்மாவின் கணவனை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சில நாள் அக்கம்பக்கத்து ஊர்களில் விசாரித்துப் பார்த்தான் என்று அம்மா பிறகு சொன்னாள். கிடைக்கவில்லை. இப்போது அவன் வடக்கே லோடு ஏற்றிப் போகிறான். பொங்கலுக்கு வந்தால் உண்டு. என்னோடு பேசுவான், ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான்.

நான் பஸ்ஸில்தான் திரும்பி வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் தோழி கூட்டிப்போனாள். டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சளி இருக்கும்போது ஏன் விமானத்தில் ஏறினாய் என்று கேட்டார். அப்பா விஷயத்தைத் தோழி சொன்னாள். அதன் பிறகு டாக்டரின் குரல் தணிந்துவிட்டது. தணிந்ததால் எனக்குக் கேட்கவில்லை. தோழி எழுந்து என் இடது பக்கம் வந்து நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குள் ஒரு மெல்லிய குழாய் போகிறது. விமானம் இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் கூடும். அந்தக் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் இரண்டு பக்கமும் சமமானால் வலி இல்லை. சளி அந்தக் குழாயை வீங்க வைத்து அடைத்துவிடும். அப்போது செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அந்த நேரத்தில் மூக்கைப் பிடித்து முழுப் பலத்தோடு ஊதினால் கிழிந்தும் போகும். எனக்குக் கிழிந்திருந்தது. இடது பக்கம் கிழியவில்லை, உள்ளே நீர் கோத்திருந்தது. காதில் தண்ணீர் படக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, பொறுத்திருந்தால் தானாக மூடிக்கொள்ளும் என்றார். பஞ்சால் எந்தப் பயனும் இல்லை என்றும் சொன்னார். அதை நான் வீட்டுக்கார அக்காவிடம் சொல்லவில்லை.

வேலைக்குப் போனேன். ஆடியோ டெஸ்ட் மேசையில் உட்கார்ந்து இடது காதில் போனை வைத்துக் கேட்டேன். எல்லா போனும் நன்றாக இருப்பதுபோலவே கேட்டது. அந்த வாரமே கரகரக்கும் போன்கள் என் மேசையைத் தாண்டிப் போய், கடைசிச் சோதனையில் பிடிபட்டன. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதைக் காட்டி, நானே சொல்லிவிட்டேன்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாமா," என்றார் அவர். கோபமில்லை. "பேக்கிங்ல போட்டுர்றேன். சரியாவட்டும், பாக்கலாம்."

செவிப்பறை சில மாதத்தில் மூடிக்கொண்டது. ஆனால் வலது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் நின்றுவிட்டது. அமைதியான இடத்தில் அதிகமாகத் தெரியும். சன்னமான சத்தங்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. டெஸ்ட் மேசைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நான் பேக்கிங்கிலேயே இருந்துவிட்டேன். பெட்டி மடிப்பது, சார்ஜர் வைப்பது, ஒட்டுவது. அந்த வேலைக்குக் காது தேவையில்லை.

அடுத்த கோடையில் கம்பெனி எங்களில் சிலரை வடக்கே இருக்கும் இன்னொரு பிளான்டுக்கு, புது பேக்கிங் மெஷின் பழக அனுப்பியது. விமானம் என்றதும் அதே டாக்டரிடம் போனேன். சளி இல்லை, செவிப்பறை மூடியிருக்கிறது, போகலாம் என்றார். இறங்குவதற்கு அரை மணி முன்னால் விடச் சொல்லி மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். தூங்கக்கூடாது, கீழே இறங்குகிறோம் என்று தெரிந்த உடனே, வலி வருவதற்கு முன்பே விழுங்கத் தொடங்க வேண்டும், மூக்கைப் பிடித்து ஊதினாலும் கன்னம் லேசாக உப்பும் அளவுக்குத்தான் என்றார்.

ஒவ்வொன்றையும் செய்தேன். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடித்தேன். விழுங்கினேன், கொட்டாவி விட்டேன், மூக்கைப் பிடித்து மெல்ல, மெல்ல ஊதினேன். இடது காது உடனே திறந்தது. வலது காதில் பென்சில் அழுத்தத் தொடங்கியது. மறுபடி மெல்ல ஊதினேன். சின்னதாக ஒரு விரிசல் சத்தம், காற்று உள்ளே போனது. திரும்ப அடைத்தது. திரும்ப ஊதினேன். தரை வரும்வரை இப்படியே போனது. வலித்தது, ஆனால் கிழியவில்லை. கூட வந்தவர்கள் ஜன்னலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா, இவ்வளவு தெரிந்திருந்தால் அன்றைக்குப் போதுமாக இருந்திருக்குமா என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போதாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவ்வளவு சளியோடு எதைச் செய்திருந்தாலும் அடைத்திருக்கும். ஊதாமல் இருந்திருந்தால் கிழியாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அதன் பிறகு லைனில் யார் விமானம் ஏறப் போவதாகச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி சளி இருக்கிறதா என்பதுதான். இருந்தால் ஏறாதே, தேதியை மாற்று என்பேன். இதை வைத்து என்னைக் கேலிகூடச் செய்வார்கள்.

மறுபடி மழைக்காலம் வந்தது. சளியும் வந்தது. ஒரு மத்தியானம் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது என் தோழி எதிரே வந்து நின்றாள். சாப்பாடு வாங்கவில்லை. மூக்கு சிவந்திருந்தது. இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுடைய அம்மா தண்ணீர்க் குடத்தோடு கீழே விழுந்துவிட்டாராம். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூளையில் ரத்தக் கசிவு. அவளுக்கு அம்மா மட்டும்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார்.

"சாயந்தரம் பிளேன் இருக்குடி," என்றாள். "போகவா, வேணாமா?"

எனக்கு நடந்தது முழுக்கத் தெரிந்தவள் அவள். டாக்டர் சொன்னதை என் காதில் திருப்பிச் சொன்னவளே அவள்தான். எல்லோரிடமும் சொல்கிற பதிலை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பஸ்ஸில் போ என்றால், போய்ச் சேர்வதற்குள் ஒன்று ஆகிவிட்டால்?

"போ," என்றேன். "மூக்குக்கு விடுற மருந்து என் பையில இருக்கு, எடுத்துக்க. இறங்கப் போறோம்னு சொல்றதுக்கு முன்னாடியே விட்டுரு. தூங்காத. முழுங்கிக்கிட்டே இரு. பலமா மட்டும் ஊதாத, எவ்வளவு வலிச்சாலும்."

"அடைச்சிருச்சுன்னா?"

"அடைச்சாலும் போ. ஆனா உங்கம்மா பேசும்போது நீ தனியா இருக்காத. யாரையாச்சும் பக்கத்துல நிக்க வச்சுக்க."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் போனில் காரைப் பிடித்தேன். கேட்டில் நின்று அவள் கார் ஒரகடம் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துவிட்டு லைனுக்குப் போனேன். ஷிப்ட் முடியும்வரை பெட்டிகளை மடித்தேன். எத்தனை மடித்தேன், எப்படி மடித்தேன் என்று தெரியாது.

இரவு சாப்பாட்டு நேரத்துக்கு அவள் கூப்பிட்டாள். ஒரு காது அடைத்துவிட்டது, வலி தாங்கவில்லை, ஆனால் ஊதவில்லை, இன்னொரு காது கேட்கிறது என்றாள். அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மாவுக்குப் பேச்சு வரலடி," என்றாள். "என்னப் பாக்குது. வாயத் தெறக்குது. ஒண்ணும் வர மாட்டேங்குது."

நான் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். சித்தி இருக்கிறாள் என்றாள். போனை வைக்காமல் இருவரும் அப்படியே இருந்தோம்.

அவள் அம்மா பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. லீவு முடிந்தும் அவள் வரவில்லை, பிறகு வேலையை விட்டுவிட்டதாகக் கம்பெனிக்குத் தகவல் அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய துணிகள், பாத்திரங்கள், கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினேன். வீட்டுக்கார அக்கா கயிறு கொண்டுவந்து கொடுத்தார். முடிச்சை நான் போட, அவர் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இனிமே வராதாமா?" என்று கேட்டார்.

வராது அக்கா என்றேன். படப்பை போய் அங்கிருந்து பஸ் மாறி, தெற்கே போகும் வண்டிகள் நிற்கும் இடத்தில் ராமநாதபுரம் பஸ்ஸில் மூட்டையை ஏற்றிவிட்டு, அவள் நம்பரைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பெண்ணுக்கு விடாத இருமல். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன்.